சரவிளக்குப் பெட்டிக்கு நான் அடித்த ஆணிகள்

1. வளையல் பெட்டியோடு வந்தவள்

கெங்கம்மா எங்கள் கடைக்கு வந்த அன்று காலையில்தான் மதராஸிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. நாங்கள் அனுப்பிய இரண்டு பீங்கான் ஜாடிகளில் ஒன்று உடைந்து போய்ச் சேர்ந்திருக்கிறது. பேக் செய்தவன் நான். அந்த மாதத்தில் அது மூன்றாவது உடைசல்.

கடை திருவண்ணாமலையில் தேரடித் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. முதலாளியை நாங்கள் எல்லோரும் நயினார் என்றே சொல்வோம். ஊர் ஊராகப் போய்ப் பழைய வீடுகளில் கழித்துப் போடும் சுவர்க் கடிகாரம், பீங்கான் ஜாடி, கிராமபோன், கண்ணாடி ஓவியம், விளக்கு எல்லாம் வாங்கி வருவார். மதராஸிலும் பெங்களூரிலும் பம்பாயிலும் இவற்றைத் தேடிச் சேர்க்கிறவர்கள் கடிதம் எழுதிக் கேட்பார்கள். பொருளைத் துடைத்து, பெட்டி செய்து, பேக் பண்ணி, ரயிலடிப் பார்சல் ஆபீஸில் புக் செய்வது வரைக்கும் என் பொறுப்பு. நான் தச்சு வேலை படித்தவன். அப்போது அந்தக் கடையில் எனக்குப் பன்னிரண்டு வருட சர்வீஸ். ஏழுமலை மேஸ்திரி என்றால் பார்சல் ஆபீஸ் கிளார்க் முதல் போர்ட்டர் வரை தெரியும்.

கெங்கம்மாவின் புருஷன் வளையல் வியாபாரி. கிராமம் கிராமமாகச் சுற்றியவர், போன வருடம் மஞ்சள் காமாலையில் செத்துப் போயிருந்தார். அவருடைய பழைய வளையல் பெட்டியை நயினார் வாங்குவாரா என்று கேட்கத்தான் அவள் வந்தாள். தேக்குப் பெட்டி. ரிக்‌ஷாவிலிருந்து இறக்கும்போது ரிக்‌ஷாக்காரர் கை நழுவி, பெட்டி கருங்கல் படிமேல் விழுந்தது. உள்ளே வளையல் இருக்கிறது என்று அவள் சொன்னதும் நயினார் எழுந்தே விட்டார். திறந்து பார்த்தால் டஜன் டஜனாகக் கண்ணாடி வளையல், ஒன்றுகூட உடையவில்லை.

நயினார் பெட்டியை விட்டுவிட்டு அடுக்கியிருந்த விதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எப்படி அடுக்கினாய் என்று கேட்டார்.

"நடுவுல காலி இடம் இருந்தாலும் உடையுங்க ஐயா. ரொம்ப அழுத்தினாலும் உடையும். ரெண்டுக்கும் நடுவுல வெக்கணும்" என்றாள்.

அவர் பெட்டியை வாங்கவில்லை. நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார். எனக்கு உதவியாக என்றுதான் சொன்னார். என் மேஜைமேல் மதராஸ் கடிதம் பிரித்தபடி கிடந்தது. அதை அவள் பார்த்திருப்பாளோ என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பார்த்தாலும் படிக்கத் தெரியாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குள் எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது.

2. அவளைக் கேட்டுக்க

அவள் வேலை செய்யும்போது பேச மாட்டாள். பொருளைக் கையில் எடுத்து, எங்கே மெலிசு, எங்கே ஒட்டு, எங்கே கனம் என்று விரலால் தடவிப் பார்ப்பாள். கட்டி முடித்ததும் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து மெதுவாக ஆட்டுவாள். உள்ளே லேசாக ஏதாவது அசைந்தால் முழுவதையும் பிரித்து மறுபடியும் தொடங்குவாள். நான் ஒரு நாளில் மூன்று பெட்டி முடித்தால் அவள் ஒன்று முடிப்பாள். "மெதுவா வேலை செய்யுது ஐயா" என்று நயினாரிடம் சொல்லிப் பார்த்தேன். செய்யட்டும் என்றார்.

இரண்டு மாதத்தில் கண்ணாடிச் சாமான் எல்லாம் அவளிடம் போக ஆரம்பித்தது. நயினார் எதை வாங்கி வந்தாலும் என்னிடம் காட்டிவிட்டு, "கெங்கம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்க" என்பார். ஒரு வாரத்தில் அவர் எத்தனை முறை அப்படிச் சொல்கிறார் என்று எண்ணத் தொடங்கினேன். வயது நாற்பதைத் தாண்டிய ஆள், வீட்டில் இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன், உட்கார்ந்து இதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் மனைவி கனகா மதியச் சாப்பாடு கொண்டுவரும்போது கெங்கம்மாவோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாள். "அந்தம்மா கை எவ்ளோ சுத்தம்" என்று ராத்திரி சோறு போடும்போது சொன்னாள். நான் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டேன்.

ஒருநாள் எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் கட்டி வைத்திருந்த ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். சுவர்க் கடிகாரம். பெண்டுலத்தைக் கழற்றித் தனியாகச் சுற்றியிருந்தாள். மணி அடிக்கும் கம்பியைப் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தாள். முகப்புக் கண்ணாடிமேல் குறுக்கும் நெடுக்குமாகக் காகிதப் பட்டை ஒட்டியிருந்தாள். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரியாதது உமி. நான் உமியை அப்படியே பெட்டியில் கொட்டி நிரப்புகிறவன். அவள் பழைய புடவைத் துணியில் சின்னச் சின்னத் தலையணைகளாகத் தைத்து, உமியை அதற்குள் அடைத்து, இடத்துக்கு ஏற்றபடி செருகியிருந்தாள்.

அப்போதுதான் என் ஜாடிகள் ஏன் உடைந்தன என்று புரிந்தது. கொட்டின உமி ரயில் குலுக்கலில் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே இடம் காலியாகிவிடும். காட்பாடியில் சின்ன ரயிலிலிருந்து பெரிய ரயிலுக்கு மாற்றும்போது பெட்டியைப் புரட்டினால் ஜாடி போய் மோதும். பன்னிரண்டு வருடமாக எனக்குத் தோன்றாத விஷயம்.

அது அழகாக இருந்தது. அதுதான் என்னால் பொறுக்க முடியாமல் போனது. வேலை மோசமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மூடியைப் பழையபடி வைத்துவிட்டு வந்தேன். மறுவாரம் என் பெட்டிகளுக்கும் தலையணை தைத்தேன். யோசனை யாருடையது என்று நயினார் கேட்டபோது, நானே செய்து பார்த்தேன் என்று சொன்னேன். கெங்கம்மா பக்கத்தில்தான் இருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

3. சரவிளக்கு

போளூர் பக்கம் ஒரு ஜமீன் வீட்டிலிருந்து நயினார் ஒரு கண்ணாடிச் சரவிளக்கை வாங்கி வந்தார். பன்னிரண்டு கை. ஒவ்வொரு கையிலிருந்தும் பட்டை தீட்டின தொங்கல்கள். நடுவில், பித்தளைத் தண்டின் மேல், ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணம். ஊதா நிறம். வெயிலில் தூக்கிப் பிடித்தால் சுவரெல்லாம் ஊதாவாகும். பம்பாயில் ஒரு டாக்டர் அந்த மாதிரி விளக்குகளைச் சேர்க்கிறவர். போட்டோவைப் பார்த்ததுமே தந்தி கொடுத்துவிட்டார்.

நான் மூன்று நாளில் பெட்டி செய்தேன். அதைப் பற்றி இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன். பிளைவுட், உள்ளே ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டம், மூலைக்கு மூலை தாங்கு கட்டை. ஒரு ஆள் மேலே ஏறி நின்றாலும் முனகாது. நயினார் தட்டிப் பார்த்துவிட்டு நன்றாக வந்திருக்கிறது என்றார். உடனே, "உள்ளே வெக்கறது கெங்கம்மா பாத்துக்கட்டும்" என்றார்.

அவள் நாலு நாள் எடுத்துக்கொண்டாள். விளக்கை முழுவதும் கழற்றினாள். படிக்கத் தெரியாதவள் ஆயிற்றே, எந்தத் தொங்கல் எந்தக் கையுடையது என்று எப்படிக் குறிப்பாள் என்று காத்திருந்தேன். வளையல் கட்டுகிற கலர் நூல்களைக் கொண்டு வந்தாள். பன்னிரண்டு கைக்கும் ஒவ்வொரு நிறம். கையில் ஒரு முடிச்சு, அதன் தொங்கல்களில் அதே நிற முடிச்சு. பம்பாய்க்காரர் எந்த பாஷை பேசினாலும் புரிந்துகொள்வார். நயினார் அதைப் பார்த்துக் கைதட்டவில்லை, வாய்விட்டு மெச்சவும் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். நான் இருந்த பன்னிரண்டு வருடத்தில் என் வேலையை அவர் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் மதியம் நயினார் ரயிலடிக்குப் புக்கிங் விஷயமாகப் போயிருந்தார். கெங்கம்மாவின் மகளுக்குக் காய்ச்சல் என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். கிளம்பும்போது அவள் என்னிடம் வந்தாள்.

"மேஸ்திரி, மூடிக்கு ஆணி வேணாம். ஸ்க்ரூ போட்டு முடுக்கிடுங்க. மூடி ரீப்பர் கிண்ணத்து மேலயே உக்காருது. சுத்தி அடிச்சா உள்ள அதிரும்."

சரி என்றேன்.

ஸ்க்ரூ டப்பா அலமாரியில் இருந்தது. நான் எடுத்தது ஆணி டப்பா. அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். எந்தத் தச்சனுக்கும் தெரியும். பன்னிரண்டு வருடமாக ஆணிதான் அடிக்கிறேன், நேற்று வந்தவள் எனக்கு மூடி போடச் சொல்லித் தருகிறாளா என்று மட்டும் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று பக்கம் அடித்து முடித்தேன். நாலாவது பக்கத்தில் இரண்டாவது ஆணி அடிக்கும்போது உள்ளே கிண்ணென்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். தெருவில் யாரோ டம்ளரை வைத்த மாதிரி.

சுத்தியைத் தூக்கினபடி நின்றேன். திறந்து பார்த்திருக்கலாம். கிண்ணம் விரிசல் விட்டிருந்தால் அப்போதே நயினாரிடம் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு வந்தது பயம் மட்டும் இல்லை, கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. மிச்ச ஆணிகளையும் அடித்தேன். மேலே இரும்புப் பட்டை போட்டு இறுக்கினேன். கண்ணாடி, ஜாக்கிரதை என்று சிவப்பு மையில் லேபிள் எழுதி ஒட்டினேன்.

4. பம்பாய்க் கடிதம்

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நயினார் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னார். தொங்கல் எல்லாம் பத்திரம். கைகள் பத்திரம். கலர் நூல் யோசனை யாருடையது என்று டாக்டர் கேட்டிருந்தார். நடுக் கிண்ணம் மட்டும் இரண்டாகப் பிளந்திருக்கிறது. அந்த ஊதாவில் இன்னொன்று இனி எங்கும் கிடைக்காது. மூடியில் ஆணி அடித்த அதிர்வுதான் காரணமாக இருக்கும் என்று எழுதியிருந்தார். விரிசல் ரீப்பருக்கு நேர் கீழே தொடங்குகிறதாம்.

கெங்கம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஸ்க்ரூ போடச் சொன்னேனே மேஸ்திரி."

"எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

நயினார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கெங்கம்மா இன்னொரு முறை சொல்லவில்லை. சத்தியம் பண்ணவில்லை, அழவில்லை. பன்னிரண்டு வருடம் பக்கத்தில் இருந்தவன் பேச்சும் எட்டு மாதம் இருந்தவள் பேச்சும் எதிரெதிரே நின்றன. நயினார் கோபப்படுகிற ஆள் இல்லை. கெங்கம்மா கொஞ்ச நாளைக்குப் பித்தளைச் சாமான் துடைக்கிற வேலையைப் பார்க்கட்டும் என்று மட்டும் சொன்னார். சமணர் ஆனதால் பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிற வழக்கம் அவருக்கு. அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வீட்டுக்குப் போய்விட்டார். ராத்திரி அவர் டாக்டருக்குப் பதில் எழுதினார். கட்டியவள் புதிது, சொல்ல மறந்துவிட்டாள் என்று எழுதினதாக மறுநாள் சொன்னார்.

மறுநாள் கெங்கம்மா வரவில்லை. கலர் நூல் பையை எடுத்துப் போக மட்டும் ஒரு முறை வந்தாள். என்னைக் கடந்துதான் போக வேண்டும். கடந்து போனாள்.

5. சைக்கிளில் போய்ப் பார்த்தது

அவள் போனால் எரிச்சல் தீரும் என்று நினைத்திருந்தேன். தீரவில்லை. நல்ல பொருள் வரும்போதெல்லாம் நயினார் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியும்.

அவள் மலை சுற்றும் வழியில் இருக்கிற அடி அண்ணாமலையில் அண்ணன் வீட்டோடு போய் இருந்தாள். ஆசிரமங்களுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் வாங்குகிற சாமான்களைக் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று எண்பதுகள் பிறக்கும்போது அவள் வீட்டு வாசலில் ஆள் காத்திருந்தது. இதை நான் யாரும் சொல்லிக் கேட்கவில்லை. மலை சுற்றுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சைக்கிளில் அந்த வழியாகப் போய்ப் பார்ப்பேன். வாசலில் எத்தனை பெட்டி நிற்கிறது என்று எண்ணுவேன். ஜாஸ்தி இருந்தால் அன்று முழுக்க வயிறு எரியும். கம்மியாக இருந்தால் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே சுற்றி வருவேன். பெட்டிகள் எல்லாம் தக்காளிப் பெட்டி, ஆப்பிள் பெட்டி. பலகை இடுக்கில் விரல் போகும். அதைப் பார்த்தால் மட்டும் மனசுக்கு இதமாக இருக்கும். ஆறு வருடம் இப்படி ஓடியது.

6. ஜன்னல் கண்ணாடி

ஊரில் ஒரு வக்கீல் வீட்டில் ஒன்பது கண்ணாடி ஓவியங்கள் இருந்தன. டெல்லியில் நடக்கும் ஒரு கண்காட்சிக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். நயினார் பொறுப்பேற்றுக்கொண்டார். கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைந்த படங்கள் அவை. பழசாகி வர்ணம் செதில் செதிலாக எழும்பியிருந்தது. காகிதம் பட்டால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எதுவும் தொடாமல் நிற்க வேண்டும், ஆனால் அசையக் கூடாது.

நயினார் என்னிடம், "கெங்கம்மாவைப் போய்க் கூப்பிடு. கூட வேலை செஞ்சவன் நீ. நீ கூப்பிட்டா வருவா" என்றார்.

போனேன். அவள் தலையணை தைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"வர்றேன் மேஸ்திரி. அன்னிக்கு நான் ஸ்க்ரூ போடச் சொன்னேனா இல்லையா, அத நீங்க ஐயாகிட்ட சொல்லிடுங்க. அப்புறம் வர்றேன்."

திரும்பி வந்து, அவள் ஊரில் இல்லை என்று நயினாரிடம் சொன்னேன். அது அவரிடம் நான் சொன்ன மூன்றாவது பொய்.

நானே கட்டுகிறேன் என்றேன். வெள்ளோட்டமாக, அதே அளவில் ஆறு ஜன்னல் கண்ணாடி வாங்கி, எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டிக் கட்டினேன். ஸ்க்ரூ போட்டே முடுக்கினேன். மாட்டு வண்டியில் ஏற்றி ரயிலடி வரை போய்த் திரும்பினேன். நயினார் முன்னால் திறந்தேன். இரண்டு உடைந்திருந்தது. மறுநாள் மறுபடியும் கட்டினேன். ஒன்று உடைந்திருந்தது.

நயினார் உடைந்த சில்லை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். முடியாது என்று வக்கீலுக்கு எழுதிவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தார். எழுதாமல் பேசினார்.

"அவ ஒரே ஒரு தப்பு பண்ணா ஏழுமலை. அந்த ஒண்ணுக்காக அவளை விட்டுட்டேன். நான் கொஞ்சம் பொறுத்திருக்கணும். ஆறு வருஷமா அதான் மனசுல அறுத்துக்கினு இருக்குது."

செய்தது நான். தூக்கம் கெட்டது அவருக்கு. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று சொன்னேன். அவள் ஸ்க்ரூ போடச் சொன்னதையும், நான் ஆணி அடித்ததையும், நான் கூப்பிடப் போன அன்று அவள் ஊரில்தான் இருந்தாள் என்பதையும் சொன்னேன்.

நயினார் பேனாவைக் கீழே வைத்தார்.

"அடிக்கும்போது உள்ள சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"அதுக்கப்புறமும் அடிச்சே."

"அடிச்சேங்க."

வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு, வா என்றார். ஜட்கா வண்டியில் அடி அண்ணாமலை போனோம். கெங்கம்மா வீட்டில், அவளும் அவள் அண்ணனும் அண்ணியும் இருக்கும்போது, கடையில் சொன்னதையே மறுபடியும் சொல்ல வைத்தார். நான் சொல்லி முடிக்கும் வரை அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார். பிறகு, "உன் பேச்சை நான் நம்பியிருக்கணும்மா. பம்பாய்க்கும் உன்மேல தப்புன்னு எழுதிட்டேன். இன்னிக்கே மாத்தி எழுதறேன்" என்றார்.

கெங்கம்மா கையிலிருந்த ஊசியைத் தலையணையில் குத்தி வைத்தாள். பரவாயில்லை என்று அவள் வாயிலிருந்து வரவே இல்லை. அண்ணன்தான் ஏதோ கத்த ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு நயினாரிடம் பேசினாள்.

"ஒம்பது படத்துக்கும் பெட்டி வேணுமுங்க. அத மேஸ்திரியே செய்யட்டும். அவரு பெட்டி மாதிரி இந்த ஊர்ல யாராலயும் செய்ய முடியாது. இத்தினி வருஷமா தக்காளிப் பெட்டில கட்டும்போதெல்லாம் நெனைச்சிக்குவேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "மூடி மட்டும் நான் போட்டுக்கறேன்."

என் பெட்டியைப் பற்றி அப்படி யாரும் அதுவரை சொன்னதில்லை. நான் அவளுடைய வேலையைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்து வயிறெரிந்தவன். அவள் என் வேலையைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மட்டும் நினைத்திருக்கிறாள். தண்டனை என்று நயினார் எது கொடுத்திருந்தாலும் இவ்வளவு உறைத்திருக்காது.

7. கடைசியாக

ஒன்பது படங்களும் டெல்லி போய், வர்ணம் ஒரு செதில்கூட உதிராமல் திரும்பி வந்தன. எண்பதுகளின் கடைசியில் நயினார் கடையை மூடும் வரை நானும் கெங்கம்மாவும் சேர்ந்தே வேலை செய்தோம். என்னோடு மரியாதையாகப் பேசினாள், என் பெண்கள் கல்யாணத்துக்கு வந்தாள், சாப்பிட்டாள். ஆனால் அவள் கட்டின ஒரு பெட்டியையும் என்னை மூட விட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. அவள் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து ஆட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள்ளே கொஞ்சம் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதோடு எப்படி வேலை செய்வது என்பதை மட்டும் கற்றுக்கொண்டேன். எரிகிற நாளில் நான் இழைப்புளியை எடுத்துக்கொண்டு என் பலகைப் பக்கம் போய்விடுவேன். அன்றைக்குச் செய்கிற பெட்டி நன்றாக வரும்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்களுக்கு உமியைப் பற்றியும் ரீப்பரைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. அதையெல்லாம் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். பக்கத்தில் இருப்பவர் உங்களைவிட நன்றாகக் கட்டுகிறார் என்று தெரிகிற நாள் ஒன்று வரும். அன்றைக்கு அவர் பெட்டியின் பக்கத்தில் நிற்காதீர்கள். கையில் என்ன இருந்தாலும் அதைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் பெட்டிக்குப் போங்கள்.